தேயாத பொருளின் முதுமை

வண்டியின் அச்சு தேயும். மதிலின் காரை உதிரும். எழுதி முடித்த நிரல் தேய்வதில்லை. ஆயினும் அது முதுமை எய்துகிறது. இவ்விந்தையை எண்களின் வழியே ஆராய்ந்த முன்னோடிகளை நாம் அதிகம் நினைவுகூர்வதில்லை.

1964-இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தது. அதற்கென உருவான ஓஎஸ்/360 இயங்குதளம் வெளியீட்டுக்கு வெளியீடு பெருத்துக்கொண்டே சென்றது. அந்நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் இருந்த மெய்ர் லேமன் நிரலாக்கப் பணியை ஆராய்ந்து 1969-இல் ஓர் அறிக்கை அளித்தார். பின்னர் அவரும் லாஸ்லோ பெலாடியும் அவ்வியங்குதளத்தின் வெளியீடுகளை வரிசையாக வைத்துக் கணக்கெடுத்தனர். மொத்தக் கூறுகள் எத்தனை, மாற்றப்பட்டவை எத்தனை, இடையில் கழிந்த காலம் எவ்வளவு என்பனவே அவர்கள் எழுப்பிய வினாக்கள்.

கூறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நேர்கோட்டில் உயர்ந்தது. ஒவ்வொரு வெளியீட்டிலும் மாற்றத்துக்கு உள்ளான கூறுகளோ மடங்கு மடங்காகப் பெருகின. ஓரிடத்தில் கைவைத்தால் பல இடங்களைத் திருத்த வேண்டியிருந்தது. ஓஎஸ்/360 உருவாக்கத்துக்குத் தலைமையேற்றிருந்த பிரெட் புரூக்ஸே 1975-இல் வெளிவந்த தம் நூலில் இம்முடிவை எடுத்தாண்டார்.

லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்ற லேமன் 1974-இல் மூன்று விதிகளை முன்வைத்தார். 1996-இல் அவை எட்டாயின. முதல் விதி: பயன்பாட்டில் உள்ள நிரல் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் பயன் குன்றும். இரண்டாம் விதி: தனியே உழைத்துக் குறைத்தாலன்றிச் சிக்கல் பெருகும். நிரல் தேய்வதில்லை, அதைச் சூழ்ந்த உலகம் மாறுகிறது.

எண்கள் இவ்விதிகளையும் விட்டுவைக்கவில்லை. 2000-இல் காட்ஃப்ரேயும் டூவும் லினக்ஸ் கருவின் 96 வெளியீடுகளை ஆராய்ந்தனர். வளர்ச்சி மெல்ல மெல்லத் தளரும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக அது விரைந்து கொண்டிருந்தது. அதன் பெரும்பகுதி வன்பொருள் இயக்கிகள். அவை பெரும்பாலும் ஒன்றையொன்று சாராதவை. மொத்த அளவு மட்டும் சிக்கலைச் சொல்லிவிடாது என்பது புலனாயிற்று.

இன்று ஒவ்வொரு திருத்தமும் தானே பதிவாகிறது, எண்ணுவது எளிது. எதை எண்ணுகிறோம் என்பதே கேள்வி. லேமனும் பெலாடியும் அளந்தது நிரலை. எழுதிய வரிகளை எண்ணி ஆளை அளக்கப் புகுந்தால், தேவையற்ற நூறு வரிகளை நீக்கிச் சிக்கலைத் தீர்த்தவர் சோம்பேறியாகத் தெரிவார். இரண்டாம் விதி வேண்டுவதோ அவருடைய உழைப்பைத்தான்.