கம்பி முனையில் விமானம்: கன்ட்ரோல் லைன் மாதிரி விமானக் கலை வளர்ந்த வரலாறு

மாதிரி விமானங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கட்டங்களைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். முதலில் கையைவிட்டு அகன்றபின் தன்போக்கில் பறந்த விமானங்கள். பிறகு ரேடியோ அலையால் இயக்கப்பட்ட விமானங்கள். இரண்டுக்கும் நடுவே, மெல்லிய எஃகுக் கம்பிகளின் முனையில் வட்டமிட்டுப் பறந்தவற்றுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். ரேடியோ மலிவாகும்வரை பொறுத்துக்கொண்ட ஓர் இடைக்கால ஏற்பாடு என்பதுபோல் அந்தப் பத்தியும் முடிந்துவிடும். இந்தப் பார்வை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். கம்பி இந்தக் கலைக்கு ஒரு குறையாக இருந்ததில்லை. இக்கலையின் துல்லியமும் எளிய விலையும் கம்பியிலிருந்தே வந்தன.

இயங்கும் விதம்

வரலாற்றுக்குள் போகுமுன் இயக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. விமானி வட்டத்தின் நடுவில் நிற்கிறார். அவர் கையில் ஒரு கைப்பிடி. அதன் மேல்முனையிலிருந்து ஒன்றும் கீழ்முனையிலிருந்து ஒன்றுமாக இரண்டு கம்பிகள் புறப்பட்டு, விமானத்தின் உள்பக்க இறக்கை வழியே நுழைந்து, பெல்கிராங்க் எனப்படும் சிறு முக்கோணத் தகட்டின் இரு முனைகளில் முடிகின்றன. மணிக்கட்டை மேலே சாய்த்தால் தகடு ஒரு பக்கம் திரும்பும். அதோடு இணைந்த தள்ளுகம்பி வால்பகுதியில் உள்ள எலிவேட்டரை உயர்த்தும், விமானம் மேலெழும். கீழே சாய்த்தால் இறங்கும். இடம் வலம் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. அதை வட்டம் பார்த்துக்கொள்கிறது.

கம்பிகள் விறைப்பாக இருக்கும்வரைதான் இவை அனைத்தும் நடக்கும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள விமானம் 20 மீட்டர் கம்பியில் 5.2 வினாடிக்கு ஒரு சுற்று பறந்தால், அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர். கையில் விழும் இழுப்பு நாலரைக் கிலோ அளவு. அந்த இழுப்பு தளர்ந்தால் கட்டுப்பாடும் போய்விடும். விமானம் தலைக்குமேல் வரும்போது புவியீர்ப்பு அதை விமானியை நோக்கி இழுக்கும் என்பதால், தளர்ச்சி அங்குதான் முதலில் தெரியும். வெளிப்பக்க இறக்கை முனையில் சிறு ஈயத்துண்டு வைப்பது, எஞ்சினைச் சற்றே வெளிப்புறமாகத் திருப்பிப் பொருத்துவது, உள்பக்க இறக்கையை வெளிப்பக்கத்தைவிடச் சற்று நீளமாக அமைப்பது ஆகிய பழக்கங்கள் இந்த ஒரு சிக்கலைத் தீர்க்கவே பிறந்தன. இந்தக் கலையின் தொழில்நுட்ப வரலாறு முழுவதையும் இழுவிசையைக் காப்பாற்றும் முயற்சியின் வரலாறாகவே வாசிக்கலாம்.

கட்டியதும் கட்டளையிட்டதும்

விமானத்தைக் கட்டிப்போட்டுப் பறக்கவிடுவது பழைய யோசனை. 1879-ல் பிரான்சில், ஷாலே-மூதோன் என்னுமிடத்தில், விக்தோர் தாதேன் அழுத்தக் காற்றால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். 1.9 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட அது, நடுவில் நட்ட முளையோடு பிணைக்கப்பட்டுச் செக்குமாடுபோல் சுற்றிவந்து தரையைவிட்டு எழுந்தது. அங்கே கயிறு விமானத்தைத் தப்பவிடாமல் பிடித்துவைத்தது, அவ்வளவுதான். பிடித்துவைக்கும் கயிறு வழியாகவே கட்டளையும் போகலாம் என்ற எண்ணம் தோன்ற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த எண்ணத்தைத் தூண்டியது பணக் கவலை என்று கருத இடமிருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் வடிவமைத்த சிறு பெட்ரோல் எஞ்சின் அமெரிக்க மாதிரி விமானக் கலையை மாற்றிப்போட்டது. 1934 முதல் விற்பனைக்கு வந்த ‘பிரவுன் ஜூனியர்’ எஞ்சினின் விலை 21.50 டாலர். பொருளாதார வீழ்ச்சியின் உச்சத்தில் அது ஒரு குடும்பத்துக்குப் பெருந்தொகை. அந்த எஞ்சினைப் பொருத்திய விமானமோ தன்போக்கில் பறப்பது. வெப்பக் காற்றோட்டத்தில் சிக்கினால் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் போய்விடும். மாதக்கணக்கில் பால்சா மரச் சட்டங்களை ஒட்டி, தாள் போர்த்தி, டோப் பூசிச் செய்ததை ஒரு பிற்பகலில் இழப்பவர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. ரேடியோ அப்போதே இருந்தது. வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1930-களின் பிற்பகுதியில் ரேடியோவால் பறக்கவிட்ட ‘கஃப்’ விமானம் இன்றும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. ஆனால் அது எட்டடி இறக்கை கொண்டது. வெற்றிடக் குழாய்களையும் கனத்த பேட்டரிகளையும் சுமந்தது. மின்னணுவியல் தெரிந்த சிலருக்கே அது எட்டியது. ஆகவே ரேடியோவுக்குப் பின்னடைந்த முறையாகக் கம்பி பிறக்கவில்லை. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே தேவைக்குக் கிடைத்த இரு விடைகள். அவற்றில் மலிவானது கம்பி.

மூவர், ஒரு வழக்கு

கன்ட்ரோல் லைனைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நெடுங்காலம் ஒரே பெயர்தான் சொல்லப்பட்டது: ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரைச் சேர்ந்த ஜிம் வாக்கர். ‘அமெரிக்கன் ஜூனியர்’ என்ற நிறுவனத்தை நடத்திய அவர், 1940-ல் ‘ஃபயர்பால்’ விமானத்தை வெளியிட்டார். தம் முறைக்கு ‘யூ-கன்ட்ரோல்’ என்று பெயரிட்டார். 1942-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வாக்கர் பெரிய வித்தைக்காரர். இரண்டு கைகளில் இரண்டு விமானம், தலையில் மாட்டிய கருவியில் மூன்றாவது என ஒரே நேரத்தில் மூன்றைச் சுற்றவிட்டுக் கூட்டத்தைக் கவர்ந்தார். கம்பியைச் சுற்றவும் விடவும் உதவும் ‘யூ-ரீலி’ கைப்பிடியும் அவருடையதே.

அதே காலத்தில் டெக்சாஸின் ஷூலன்பர்க் ஊரில் விக்டர் ஸ்டான்செல் வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார். அவரது ‘டைகர் ஷார்க்’ ஒற்றைக் கம்பியில் பறந்தது; விமானி ஒரு கோலைப் பிடித்து அதன் உயரத்தை மாற்றினார். பின்னாளில் அவர் உருவாக்கிய ‘மோனோ-லைன்’ முறை இன்னும் நுட்பமானது. அதில் கம்பியை இழுப்பதற்குப் பதிலாக முறுக்குகிறார்கள். முறுக்கு விமானத்துக்குள் இருக்கும் திருகை அடைந்து எலிவேட்டரை அசைக்கும். அதிவேக விமானத்தில் கம்பிகளே காற்றுத்தடையின் பெரும்பகுதியை உண்டாக்குகின்றன. இரண்டில் ஒன்றைக் குறைத்தது வேகப் போட்டியாளர்களுக்குப் பெரும் லாபம். இந்தக் கலையில் பிறந்த யோசனைகளிலேயே மிகத் தூய பொறியியல் சிந்தனை இதுதான் என்பது என் மதிப்பீடு.

மூன்றாமவர் ஓபா செயின்ட் கிளேர். அவரும் ஆரிகன்காரர். ‘மிஸ் ஷெர்லி’ என்ற பெரிய மாதிரி விமானத்தை அவர் 1937-லேயே கம்பிகளால் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டிருந்தார். அதை அவர் விற்பனைப் பொருளாக்கவில்லை. பெயர் பரவவும் இல்லை. பொம்மை உற்பத்தியாளர்கள் பலர் வாக்கருக்கு உரிமத்தொகை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கலிபோர்னியாவின் லெராய் காக்ஸ் நிறுவனத்தோடு காப்புரிமை வழக்கு மூண்டது. 1955-ல் அந்த வழக்கில் செயின்ட் கிளேர் சாட்சி சொன்னார். வாக்கருக்கு முன்பே அந்த முறை பயன்பாட்டில் இருந்தது என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. மூன்றாண்டுகளில் வாக்கர் காலமானார்.

இந்தத் தீர்ப்பை வைத்து வாக்கரைத் திருடராகக் காட்டுவது நியாயமல்ல. முன்னுரிமை செயின்ட் கிளேருடையது, அதில் ஐயமில்லை. ஆனால் பதின்வயதுப் பையன் கடையில் வாங்கி, சனிக்கிழமை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடக்கூடிய ஒன்றாக அதை ஆக்கியவர் வாக்கர். இரண்டும் வெவ்வேறு சாதனைகள். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

எஞ்சினும் எண்ணெயும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் பால்சா மரமும் எஞ்சின் உற்பத்தியும் இராணுவத் தேவைக்குத் திருப்பப்பட்டன. போர் முடிந்ததும் அடக்கிவைத்த ஆர்வம் வெடித்தது. அதற்கு எரிபொருள் ஊற்றியது ரே ஆர்டன் 1947-ல் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக். அதுவரை ஒவ்வொரு விமானமும் தீப்பொறிக்காக பேட்டரி, காயில், கன்டென்சர் மூன்றையும் சுமந்தது. குளோ பிளக்கில் இருப்பது ஒரு பிளாட்டினச் சுருள் மட்டுமே. தொடங்கும்போது மட்டும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் போதும். பிறகு மெத்தனால் ஆவி எரிவதற்குப் பிளாட்டினம் வினையூக்கியாக நிற்பதால் சுருள் சூடாகவே இருக்கும். எடை ஒரே அடியில் குறைந்தது. எடை குறைந்ததால் சிறு எஞ்சின் போதுமானதாயிற்று. 0.049 கன அங்குலம், அதாவது 0.8 சிசி அளவுள்ள காக்ஸ் எஞ்சின்களைப் பொருத்திய ஆயத்த பிளாஸ்டிக் விமானங்கள் ஐம்பதுகளில் பெருவாரியாக வந்தன. 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டிலேயே கன்ட்ரோல் லைன் விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்ட ஒரு தனி வட்டம் இருந்தது.

ஐரோப்பா வேறு வழியைத் தேர்ந்தது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருளில், அழுத்தத்தாலேயே பற்றிக்கொள்ளும் சிறு ‘டீசல்’ எஞ்சின்கள் சுவிட்சர்லாந்திலும் பிறகு பிரிட்டனிலும் பரவின. இந்தியாவுக்கு வந்ததும் இந்த மரபே. கல்கத்தாவில் உருவான ‘அரோரா’ எஞ்சின்கள் பிரிட்டனின் ‘மில்ஸ்’ வடிவத்தைத் தழுவியவை. இறக்குமதி கடினமாக இருந்த காலத்தில், நம் ஏரோமாடலிங் ஆர்வலர்களின் கைக்கு எட்டியவை அவை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் பயிற்சி பெற்ற தமிழக மாணவர்களில் பலருக்கு விமானக் கட்டுப்பாடு முதலில் அறிமுகமானது இரண்டு கம்பிகளின் வழியாகத்தான்.

வட்டத்துக்குள் கலை

வேகம் தொடக்கத்திலேயே போட்டியாயிற்று. கூடவே ஏமாற்றும் வந்தது. விமானி கையை முன்னால் வீசி, கம்பியால் விமானத்தைச் சாட்டைபோல் இழுத்து வேகம் கூட்டினார். அதைத் தடுக்க வட்டத்தின் நடுவே கம்பம் நட்டு, அதன் கவட்டையில் மணிக்கட்டைப் பதித்தபடியே பறக்கவிட வேண்டும் என்ற விதி வந்தது. இன்றைய உலகப் போட்டியின் வேகப் பிரிவில் கம்பியின் நீளம் 17.69 மீட்டர்; ஒன்பது சுற்று ஒரு கிலோமீட்டர். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும்போது விமானத்தின் எடையைப்போல் நாற்பது மடங்கு இழுப்பு கம்பியில் ஏறுகிறது. பறக்குமுன் இழுத்துப் பார்க்கும் சோதனை ஏன் கட்டாயம் என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லும். குழு ஓட்டத்தில் கம்பி 15.92 மீட்டர், நூறு சுற்று பத்து கிலோமீட்டர். மூன்று விமானிகள் ஒரே வட்டத்தின் நடுவில் ஒருவரையொருவர் உரசியபடி சுழல, ஒவ்வொருவருக்கும் ஒரு மெக்கானிக் விளிம்பில் காத்திருந்து, இறங்கும் விமானத்தைப் பிடித்து, எரிபொருள் நிரப்பி, விசிறியைத் தட்டிச் சில வினாடிகளில் திருப்பி அனுப்புவார். எதிராளி விமானத்தின் வாலில் கட்டிய தாள்நாடாவை வெட்டும் ‘காம்பாட்’ இன்னொரு பிரிவு.

ஆனால் இந்தக் கலை தன் உச்சத்தைத் தொட்டது சாகசப் பறத்தலில். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வட்டமடிப்பதும் தலைகீழாகப் பறப்பதும் சாதாரணமாகிவிட்டன. கூர்மையான மூலைகள் வரவில்லை. எலிவேட்டரைத் திடீரென உயர்த்தினால் இறக்கை திணறியது. இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப்களை அமைத்து, எலிவேட்டர் ஏறும்போது அவை இறங்கும்படி பெல்கிராங்கோடு இணைத்ததே விடையாயிற்று. டெக்சாஸின் ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த ‘நோப்ளர்’ இந்த ஏற்பாட்டை முழுமையாக்கிப் பரவலாக்கியது. டாப் ஃபிளைட் நிறுவனம் 1957-ல் அதைக் கிட்டாக வெளியிட்டபின், உலகின் சாகச விமானங்கள் பலவும் அதன் வழித்தோன்றல்களாயின. இதே காலத்தின் ‘ஃபாக்ஸ் 35’ எஞ்சினுக்கு ஓர் அரிய குணம் இருந்தது. சமநிலையில் பறக்கும்போது எரிபொருள் மிகுந்து மந்தமாக ஓடும். மூக்கு மேலே திரும்பியதும் கலவை மெலிந்து உறுமலோடு வலுக்கூடும். விமானி தொடாமலேயே எஞ்சின் தன் வலுவைச் சரிசெய்துகொள்ளும். சதுர வளையம், மணற்கடிகாரம், நாலிதழ்ப் பூ என்று காற்றில் வரையப்படும் உருவங்களின் அடிக்கோடு தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் கேட்க முடிந்தது, இழுவிசையின் நேரடித் தொடுகையால்தான். கம்பி தரும் உணர்வு விமானியின் விரல்களுக்கு எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. இந்த உணர்வை ரேடியோ இன்றுவரை தரவில்லை.

1960-ல் புடாபெஸ்டில் உலகப் போட்டி நடந்தது. சோவியத் நாட்டில் அரசு ஆதரவில் இயங்கிய டோசாஃப் அமைப்பு இந்தக் கலையை இளைஞர் பயிற்சியாகவே வளர்த்தது. கிழக்கு ஐரோப்பியர்கள் கையால் கடைந்த எஞ்சின்கள் பின்னர் நெடுங்காலம் களத்தில் நின்றன.

சரிவும் மீட்சியும்

அறுபதுகளில் டிரான்சிஸ்டர் ரேடியோவை இலேசாக்கியது, விலையும் இறங்கியது. சரிவுக்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. கன்ட்ரோல் லைனின் பலம், பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில், வீடுகளுக்கு நடுவே பறக்கவிட முடிந்ததுதான். அந்த இடங்களில் எஞ்சினின் அலறல் பொறுக்க முடியாததாகிவிட்டது. விமானக் களத்துக்குப் போகும் ரேடியோக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஊருக்குள் பறந்தவருக்கு இருந்தது. சத்தமே கம்பியைத் தன் இயல்பான களத்திலிருந்து துரத்தியது.

அந்தத் தடை இப்போது விலகிவிட்டது. பிரஷ் இல்லாத மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் சாகசப் பிரிவின் முன்வரிசைக்கு வந்துவிட்டன. சுழற்சி வேகத்தை மாறாமல் காக்கும் மின்சுற்று, ஃபாக்ஸ் 35 தற்செயலாகச் செய்ததைத் திட்டமிட்டுச் செய்கிறது. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. மாணவர்களுக்குக் கற்றுத்தர இதைவிட எளிய, மலிவான விமானப் பாடம் இன்றும் கிடையாது. மின்கம்பிகள் அருகில் இல்லாத திறந்த வெளியும், கைப்பிடியை மணிக்கட்டோடு பிணைக்கும் வாரும் மட்டும் கட்டாயம்.

செயின்ட் கிளேரின் 1937-ஆம் ஆண்டுப் பறத்தல் நமக்குத் தெரிவது ஒரு நீதிமன்றம் அவரைக் கேட்டதால்தான். நம் நாட்டில் யாரும் வழக்குத் தொடரப்போவதில்லை. பழைய அரோரா எஞ்சினோ, கையால் வரைந்த விமானப் படமோ, முகாமில் எடுத்த புகைப்படமோ வைத்திருப்பவர்கள் ஆண்டும் இடமும் குறித்து அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்தில் உள்ள பள்ளிக்கோ கல்லூரிக்கோ ஒரு பிரதியாவது கொடுங்கள்.