கோப்பி இலையிற் கண்ட கூர்ப்பு

உயிரினங்கள் பொது மூதாதையரிலிருந்து கிளைத்துத் தலைமுறைதோறும் மாறி வந்துள்ளன என்பது உயிரியல் அறிஞர் உலகளாவிய நிலையில் ஏற்றுக்கொண்ட உண்மையாகும். ஆயினும், கூர்ப்பு என்றதும் பொதுமக்களிற் பலருக்குக் குரங்கு மனிதனானது என்ற கேலிப் பேச்சே நினைவுக்கு வருகின்றது. இன்றுள்ள குரங்கு மனிதனாயிற்று என டார்வின் கூறினாரல்லர். இரண்டிற்கும் மூதாதை ஒன்றே என்றார். பாடநூலிற் கற்கும் மாணவர்க்கும் இது எங்கோ தொலைதூரத் தீவில் நிகழ்ந்த செய்தியாகவே தோன்றுகின்றது. ஆனால், நானுஓயாவைச் சூழ்ந்த மலைகளின் வரலாறே இக்கொள்கைக்கு விளக்கம் தரவல்லது.

1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. கோப்பித் துரைமார் வற்புறுத்திக் கேட்ட பாதை அது. எனினும், பாதை வந்து சேர்ந்த வேளையிற் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. 1869இல் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொட்டுகள் காணப்பட்டன. டார்வினுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி என்னும் அறிஞர் அதனைப் புதியதொரு பங்கசு என இனங்கண்டு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார்.

தோட்டத்துரைமார் பலர் இதனை நம்பவில்லை. காலநிலையையும் மண்ணின் வளக்குறைவையுமே காரணங் காட்டினர். 1880 முதல் 1882 வரை ஈண்டு ஆய்வு நடத்திய மார்ஷல் வோட், பங்கசின் வித்திகள் காற்றிற் பரவி, முளைத்து, இலைவாய்களினூடாக உட்புகுவதை நிறுவினார். ஒரே பயிரை மலை மலையாக இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு வழிசமைத்தது என்பதும் தெளிவாயிற்று. ஆயினும், அவ்வுண்மை தெளிவாகுமுன் காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியன்டல் வங்கியும் வீழ்ந்தது. துரைமார் கடனாளியாயினர், கூலியின்றி நின்ற தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர்.

இதன் தொடர்ச்சி மைசூரில் நிகழ்ந்தது. 1911இல் அங்கு நோயை எதிர்த்து நின்ற ‘கென்ட்’ என்னும் கோப்பி தெரிவுசெய்யப்பட்டுப் பின்னர் பரவலாக நடப்பட்டது. சில ஆண்டுகளில் அதுவும் நோய்வாய்ப்பட்டது. பங்கசின் கூட்டத்தில் அச்செடியைத் தாக்கவல்ல சில இருந்தன. ஏனையவை உணவின்றி ஒழிய, அவையே பெருகின. 1930களில் பாலகொன்னூரில் மேய்ன் என்பார் பங்கசின் வெவ்வேறு குலங்களைப் பிரித்தறிந்தார். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குலங்கள் அறியப்பட்டுள்ளன. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு இதுவே. இதனைக் காணப் பல இலட்சம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதனின் ஆயுட்காலமே போதுமானது.

கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை வேரூன்றியது. அதற்கும் 1946இல் இலைக் கொப்புள நோய் வந்தது. இன்று தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்க்கப்படும் ‘வீ.பீ.’ தேயிலையில் ஒரு தெரிவின் செடிகள் யாவும் மரபுவழியில் ஒன்றேயாகும். ஒன்றைத் தாக்கவல்ல நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். ஆதலாற் பல்வேறு தெரிவுகளைக் கலந்து நடுதல் வேண்டும்.

கோப்பியின் வீழ்ச்சி நம் முன்னோரின் வயிற்றிலடித்தது. அக்காரணத்தைக் கொழுந்து பறிப்போரும் அவர்தம் பிள்ளைகளும் தமிழிலேயே அறிந்திருத்தல் இன்றியமையாதது. கூர்ப்பினைக் கேலிக்குரியதாக்குவோர்க்கு விடை கூற மலையக மாணவர் வேற்று நாடு செல்ல வேண்டியதில்லை. தம் பாட்டனார் வேலை செய்த தோட்டத்தின் கதையைக் கூறினாற் போதும்.