கோர்டீலியாவுக்கு நேர்ந்த திருத்தம்

உண்மை பேசியவள் நாடக முடிவில் மடியலாமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஆங்கில நாடக அரங்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் திண்டாடியது என்றால் நம்புவீர்களா?

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தைத்தான் சொல்கிறேன். 1606ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வைற்ஹோல் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் அது மேடையேறியது. முதுமையெய்திய லியர் நாட்டைப் பங்கிடுமுன், தன்மீது மிகுந்த அன்புள்ளவள் யாரெனப் புதல்வியர் மூவரையும் கேட்கிறான். மூத்தவர் இருவரும் வானளாவப் புகழ்ந்து பங்கு பெறுகின்றனர். கடைக்குட்டி கோர்டீலியாவோ, மகளுக்குரிய அன்பு மட்டுமே தன்னிடமுண்டு, மணமானால் அதிற் பாதி கணவனுக்குரியது என்கிறாள். அவ்வளவுதான். சீதனமும் போயிற்று, தந்தை வீடும் போயிற்று. அவளுக்காகப் பரிந்து பேசிய கென்ற் பிரபுவும் நாடு கடத்தப்படுகிறான். பின்னர் அவன் மன்னனுக்கு ஊழியஞ் செய்ய மாறுவேடம் பூண வேண்டியிருக்கிறது. மெய்யன் பொய்க்கோலம் போட நேர்ந்ததை என்னென்பது! இறுதியில் கோர்டீலியா சிறையில் தூக்கிலிடப்படுகிறாள்.

1605இல் அச்சேறிய பழைய லியர் நாடகமொன்றில் மன்னன் அரியணையை மீளப் பெறுகிறான், மகளும் பிழைக்கிறாள். ஷேக்ஸ்பியர் அந்த ஆறுதலைத் தரவில்லை. 1681இல் நாஹும் ரேற் என்பவர் அதை மீண்டும் தந்தார். கோர்டீலியா உயிர் தப்பி எட்காரை மணக்கிறாள், லியரும் பிழைக்கிறான், விதூஷகன் அடியோடு மறைந்தான். மேடை இதையே ஏற்றுக்கொண்டது. சாமுவேல் ஜோன்சனே, கோர்டீலியாவின் மரணம் தம்மை உலுக்கியதால், பதிப்பாசிரியராகத் திருத்த நேரும்வரை அக்கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் தாங்கவில்லை என்று தமது 1765ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதினார்.

முடிவை மாற்றியதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். முதற்காட்சியில் ரேற் செய்த காரியத்தைப் பொறுக்க மனம் வரவில்லை. அவருடைய கோர்டீலியா ஆரம்பத்திலிருந்தே எட்காரைக் காதலிக்கிறாள். பேர்கண்டிக் கோமகனுக்கு வாழ்க்கைப்படாமல் தப்புவதற்கு, தந்தைக்குக் கோபமூட்டிச் சீதனத்தை இழப்பதே வழியென்று கணக்குப் போட்டுத்தான் அவள் முகஸ்துதியைத் தவிர்க்கிறாள். ஷேக்ஸ்பியரிடம் நட்டமென்று தெரிந்தே பிறந்த சொல், இங்கே காதலியின் உபாயமாகிவிடுகிறது. இப்படிப்பட்டவளுக்கு நல்ல முடிவு கிடைத்தாலென்ன, கிடைக்காவிட்டாலென்ன?

மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சித்தங் கலங்கியிருந்த காலத்தில், 1820இல் அவர் மறையும்வரை, லண்டன் அரங்குகள் இந்நாடகத்தையே தொடவில்லை. பைத்தியமான அரசனை மேடையில் காட்ட யார் துணிவார்? 1823இல் எட்மண்ட் கீன் துயர முடிவை மீட்டார். ஆனால் ரேற்றின் காதற்கதையைக் கைவிடவில்லை. 1838 ஜனவரியில் கொவென்ற் கார்டின் அரங்கில் மக்ரீடிதான் ரேற்றை முற்றாக ஒதுக்கினார். விதூஷகனைச் சேர்க்க அவரும் முதலில் தயங்கினார். அவ்வேடத்தைப் பெண்ணொருத்திக்குக் கொடுக்கலாமென்ற யோசனை வந்த பின்னரே துணிந்தார். பிரிசில்லா ஹோர்ட்டன் என்ற நடிகை அதை ஏற்றார். எட்காரும் கோர்டீலியாவும் அன்று, ஷேக்ஸ்பியர் எழுதியிருந்தபடி, ஒருவரோடொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.