போன்ல ஓப்பன் ஆகுது, லேப்டாப்ல மட்டும் டைம் அவுட்... என்ன செய்யலாம்?

ராத்திரி பத்தரை மணி. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். உடுமலை தளி ரோட்டுப் பக்கம் உங்க வீடு. வீட்டு வைஃபைல அதே வெப்சைட் போன்ல சட்டுனு ஓப்பன் ஆகுது. விண்டோஸ் லேப்டாப்ல மட்டும் சுத்திக்கிட்டே இருந்துட்டு, 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'னு வந்து நிக்குது. மறுநாள் கடைக்குத் தூக்கிட்டுப் போனா, ``ஃபார்மட் போட்டுடலாமுங்க''ன்னு சொல்லிடுவாங்க.

கொஞ்சம் பொறுங்க. இந்தப் பிரச்னைக்கு ஃபார்மட் தேவைப்படுறது ரொம்ப அபூர்வம். காரணத்தைக் கண்டுபிடிக்க பத்து நிமிஷம் போதும்.

டைம் அவுட்னா என்ன?

எரர் மெசேஜை முழுசா படிங்க. 'ரெஃப்யூஸ்டு'னு வந்தா, அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறந்து 'முடியாது'ன்னு பதில் சொல்லிட்டாங்கன்னு அர்த்தம். வெப்சைட்டோட முகவரியே கிடைக்கலைன்னா டி.என்.எஸ் எரர் வரும். லேப்டாப்ல தேதி தப்பா இருந்தா சர்ட்டிஃபிகேட் எரர் வரும். 'டைம்டு அவுட்' இது மூணும் இல்லை. லெட்டர் போட்டாச்சு, பதிலே வரலை. அதாவது, தகவல் வழியில எங்கேயோ தொலையுது. எங்கேன்னுதான் நாம தேடணும்.

முதல்ல இந்த 3 டெஸ்ட்

1. போன்ல மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, வைஃபைல மட்டும் அந்த வெப்சைட்டைத் திறங்க. வைஃபை சொதப்பினா பல போன்கள் சத்தமில்லாம மொபைல் டேட்டாவுக்கு மாறிடும். ஐபோன்ல 2015லயே இந்த வசதி வந்துடுச்சு. டேட்டாவை ஆஃப் பண்ணதும் போன்லயும் ஓப்பன் ஆகலைன்னா, லேப்டாப் மேல தப்பில்லை. ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்பவும் வரலைன்னா வீட்டு லைன்லதான் கோளாறு.

2. லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் பண்ணுங்க. ஓப்பன் ஆகுதா? அப்போ லேப்டாப்பும் நல்லாருக்கு, வெப்சைட்டும் நல்லாருக்கு. முதல்ல விண்ணப்பத்தை முடிச்சிடுங்க. மிச்சத்தை நிதானமா பார்த்துக்கலாம்.

3. ஹாட்ஸ்பாட்லயும் வரலையா? பிரச்னை லேப்டாப்புக்குள்ள இருக்கு. வி.பி.என் ஓடுதான்னு பாருங்க. செட்டிங்ஸ்ல 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' போய், 'ப்ராக்ஸி'யில ஏதாவது முகவரி இருந்தா, அதை எழுதி வெச்சுக்கிட்டு ஆஃப் பண்ணுங்க. ஆன்டிவைரஸோட 'வெப் ஷீல்டு' மாதிரியான வசதியை அஞ்சு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. சரியானா, எதனால வந்ததுன்னு புரிஞ்சிடும். ஆன்டிவைரஸை மறக்காம திரும்ப ஆன் பண்ணிடுங்க.

ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான். நாலைஞ்சை ஒண்ணா மாத்திட்டா, எது சரிபண்ணுச்சுன்னே தெரியாம போயிடும்.

ஹாட்ஸ்பாட்ல வருது, வீட்டு வைஃபைல மட்டும் வரலையா?

இங்கே ரெண்டு பேர் மேல சந்தேகப்படலாம். முதல் ஆள், ஐபிவி6. பழைய ஐபிவி4ல மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அது பத்தாமத்தான் ஐபிவி6 வந்துச்சு. 2012 ஜூன் 6ல பெரிய நிறுவனங்கள் பலவும் அதை நிரந்தரமா ஆன் பண்ணாங்க. இப்போ பல வெப்சைட்டுகளுக்கு ரெண்டு வழியும் உண்டு.

உடுமலையில இருந்து கோவைக்கு பொள்ளாச்சி வழியாவும் போகலாம், பல்லடம் வழியாவும் போகலாம். பொள்ளாச்சி ரோடு அடைபட்டிருந்தா, ஒருத்தர் உடனே பல்லடம் வண்டியைப் பிடிப்பார். இன்னொருத்தர் அதே ஸ்டாப்லயே காத்துக்கிட்டிருப்பார். இன்னிக்கு வர்ற ப்ரௌசர்கள் முதல் ஆள் மாதிரி. ஒரு வழியில கால் செகண்ட் அளவுக்குப் பதில் வரலைன்னாலே அடுத்த வழியை முயற்சி பண்ணும். எல்லா ஆப்களும் எல்லா ஓ.எஸ்களும் இதை ஒரே மாதிரி செய்யுறதில்லை. அதனாலதான் ஒண்ணுல வருது, இன்னொண்ணுல வரலை.

சோதிக்க, விண்டோஸ் கன்ட்ரோல் பேனல்ல வைஃபை அடாப்டரோட 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 6' டிக்கை எடுங்க. வெப்சைட் வந்தா ஆள் மாட்டிக்கிட்டார். ஆனா இது சோதனைக்கு மட்டும்தான். நிரந்தரமா ஆஃப் பண்ண வேண்டாம்னுதான் மைக்ரோசாஃப்ட்டும் சொல்லுது.

ரெண்டாவது ஆள், எம்.டி.யு. ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ் அது. வழக்கமா 1500 பைட். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் ஆகுற 'பி.பி.பி.ஓ.இ' லைன்ல 8 பைட் அதுக்கே போயிடும். மிச்சம் 1492தான். லேப்டாப் 1500ல அனுப்பினா, 'குறைச்சு அனுப்பு'ன்னு வழியில இருந்து தகவல் வரணும். அதை ஏதாவது ஃபயர்வால் தடுத்துட்டா, பெரிய பாக்கெட் எல்லாம் காணாம போகும். சில ஓ.எஸ்கள் தானாவே சைஸைக் குறைச்சுப் பார்க்கும். சிலது பார்க்காது.

அடையாளம் என்னன்னா, லாகின் பக்கம் வரும், போட்டோ அப்லோடுல நிக்கும். ரூட்டர் செட்டிங்கை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, பி.பி.பி.ஓ.இ லைனா இருந்தா எம்.டி.யு 1492ன்னு இருக்கான்னு பாருங்க.

இது புதுசு இல்லை

2001ல லினக்ஸ் 2.4, நெரிசலை முன்கூட்டியே தெரிவிக்கிற 'ஈ.சி.என்' வசதியோட வந்துச்சு. அதை ஆன் பண்ணவங்களுக்குச் சில வெப்சைட்டுகள் திறக்கவே இல்லை. வழியில இருந்த பழைய ஃபயர்வால்களுக்கு அது புரியாம, பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடுச்சு. 2007ல விண்டோஸ் விஸ்டா வந்தப்பவும், அதோட புது 'ஆட்டோ ட்யூனிங்' வசதியைச் சில பழைய ரூட்டர்களால தாங்க முடியலை. ரெண்டு தடவையும் கம்ப்யூட்டர் சரியாத்தான் இருந்துச்சு. நடுவுல இருந்த பெட்டிதான் பழசு.

பணம் கட்டும்போது கவனம்

பேமென்ட் பக்கத்துல டைம் அவுட் ஆனா, உடனே திரும்பப் பணம் கட்டாதீங்க. தகவல் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் தொலைஞ்சிருக்கலாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டையும், விண்ணப்பத்தோட பேமென்ட் ஸ்டேட்டஸையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கடைசியா, கஸ்டமர் கேர்ல ``நெட் வரலைங்க''ன்னு மட்டும் சொன்னா, ``ரீஸ்டார்ட் பண்ணுங்க''ன்னுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்க: ``ஒரே வைஃபைதானுங்க. போன்ல வருது, விண்டோஸ்ல டைம் அவுட் ஆகுது. ஹாட்ஸ்பாட்ல போட்டா லேப்டாப்லயும் வருது. ஐபிவி6 ஆஃப் பண்ணாலும் வருது.'' இவ்வளவு தெளிவா சொன்னா, லேப்டாப்பைக் குறை சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புறது அவ்வளவு சுலபமில்லை.