தோலும் கையும்

மனித உடலை மாதிரியாகக் கொண்டு, அசைந்து ஒலியெழுப்பும் சிற்பங்களை இன்று கலைக்கூடங்கள் காட்சிக்கு வைக்கின்றன. இவற்றை மேலைநாட்டு நவீனத்தின் கண்டுபிடிப்பு என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட மரப்புலியைப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றினால், புலிக்கு அடியில் கிடக்கும் வெள்ளைக்காரனின் கை ஏறி இறங்கும். உள்ளேயுள்ள துருத்திகள் அவனுடைய ஓலத்தையும் புலியின் உறுமலையும் எழுப்பும். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைபோன அது, இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1965-இல் அமெரிக்க இசைக்கலைஞர் ஆல்வின் லூசியர் இன்னொன்றைச் செய்தார். தலையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். அவரது மூளையின் அலைகள் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கிகளுக்குப் போயின; அந்த அதிர்வில் மேளங்கள் தாமே முழங்கின. கை படாமல் மேளம் ஒலித்ததை உலகம் வியந்தது.

நம் ஊர்களில் இது தலைகீழ். மேளம் வேண்டும், அடிக்கிற கை மட்டும் யார்மேலும் படக்கூடாது.

பறையைவிட உடலோடு ஒட்டிய கருவி எது? வேப்பங்கட்டைகளை வளைத்துச் சேர்த்த வட்டம், மாட்டுத்தோல், புளியங்கொட்டைப் பசை. தீயில் காய்ச்சினால்தான் தோல் விறைத்துக் குரல் கொடுக்கும். இடது தோளில் மாட்டி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி. அடிப்பவர் ஆடுகிறார், ஆட்டமும் அடியும் ஒன்றே. அசையும் ஒலிச்சிற்பம் என்றால் இதுதான், உயிரோடு. திணைதோறும் தெய்வம், உணவு என்று அடுக்கிய தொல்காப்பியம் பறையையும் கருப்பொருளாக வைத்தது. பிற்காலச் சமூகம்தான் அதைச் சாவு வீட்டுக் கட்டாய ஊழியமாக்கியது.

மிருதங்கத்தின் கதை இன்னும் கூர்மையானது. மாடு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் அதில் உண்டு. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற தலித் கிறித்தவக் கைவினைஞரின் உழைப்பு இருந்தது. அந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்கு 2020-இல் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் தந்து, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. தோலின் ஒலி மேடையேறலாம்; தோலின் வரலாறு ஏறக்கூடாது போலும்!

பறையை விட்டுவிடுவதா, விடுதலைக் கலையாக மீட்பதா என்ற விவாதம் நம்மிடையே முடியவில்லை. முடியவும் அவசரமில்லை. கட்டாயத்துக்கு அடிக்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே வைத்தவர்களும், 1990-களில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் அதைக் கையில் எடுத்த பெண்களும் ஒரே இழிவைத்தான் எதிர்த்தார்கள். 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. மகிழ்ந்தோம். ஆனால் விருது ஒருவருக்கு; இறப்புக்கு அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பும் வழக்கம் ஊருக்கு.

எனவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். செபாஸ்டியன் குடும்பத்துக்கு ஒரு நூல் கிடைத்தது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நம் பள்ளத்தாக்கில் பறை கட்டியவர்கள், அடித்தவர்கள், அடிக்க மறுத்தவர்கள் யார் யார்? தெருத்தெருவாகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு, பெயரோடும் அவரவர் அடித்த அடிகளின் பெயரோடும் எழுதுங்கள். ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும்.