நாட்டு நலப்பணியும் ஒரு தனித் தட்டும்

என்.எஸ்.எஸ். என்றாலே நம்ம ஆட்களுக்கு மண்வெட்டியும் முகாம் உப்புமாவும்தான் ஞாபகம் வரும். காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது 1986இல், நம்ம சென்னையில். ரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா. வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். பரிசோதனை வேலூர் சி.எம்.சி.யில். அப்போது மருந்தே கிடையாது. எடுத்துச் சொல்வது ஒன்றுதான் வழி. ஆனால் யார் சொல்வது? வீட்டில் வாயே திறக்க முடியாத விஷயமாச்சே! 1991இல் 'பல்கலைக்கழகங்கள் எய்ட்ஸ் பற்றிப் பேசுகின்றன' என்ற திட்டத்தின் மூலம் அந்தப் பொறுப்பு என்.எஸ்.எஸ். மாணவர்களிடம் வந்தது. துணிச்சலான முடிவு என்பேன்.

2008இல் எங்கள் முகாமிலும் அதைப் பேசினோம். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று சீனியர் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்தார். "அப்போ என் மகனுக்கு வெச்சிருக்கிற தனித் தட்டு வேண்டாமா கண்ணு?"

கூட்டம் அப்படியே அடங்கிப்போச்சு. அக்கா மைக்கை எங்களிடம் கொடுத்துவிட்டு, பாட்டியோடு அவர் வீட்டுக்குப் போனார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.