மல்லைப் பூனையும் மறைந்துபோன அலைவரிசையும்

மாமல்லபுரத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் முதலில் நின்று பார்ப்பது, அருச்சுனன் தபசு என வழங்கும் பாறைச் சிற்பத்தையே. ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட அப்பாறையில் தேவர்களும் முனிவர்களும் நாகர்களும் யானைகளும் நிறைந்திருக்கின்றனர். அவர்களுக்கிடையே, பெரிய யானையின் அருகில், சிறு பூனை ஒன்று ஒற்றைக்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறது. அதனைச் சுற்றி எலிகள் கூடியிருக்கின்றன. தவக்கோலம் பூண்டு எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை மகாபாரதத்தில் உண்டு. அதனையே சிற்பி இங்கு நகைச்சுவையோடு செதுக்கினான் என்பர் அறிஞர்.

அப்பாறை காட்டுவது அருச்சுனன் தவமா, கங்கையை வேண்டி நின்ற பகீரதன் தவமா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் பூனையைப் பற்றி எந்தக் குழந்தைக்கும் ஐயமில்லை. தந்தையின் தோளில் அமர்ந்து வரும் பிள்ளை அதைக் கண்டதும் சிரிக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் செதுக்கிய கேலிச்சித்திரம், பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் குழந்தையோடு பேசுகிறது. அத்தகைய மற்றொரு பூனை–எலிக் கதை நம் வீடுகளுக்குள் எவ்வாறு வந்தது, அதைச் சுமந்து வந்த அலைவரிசைகளுள் ஒன்று பெயர் மாறி எவ்வாறு கரைந்தது என்பதை இக்கட்டுரையில் நினைவுகூர விழைகிறோம்.

வீட்டிற்குள் வந்த சித்திரம்

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. செங்கற்பட்டு வட்டாரத்தில் நெடுங்காலம் தொலைக்காட்சி என்பது ஊராட்சி மன்றக் கூடத்துப் பெட்டியாகவோ, வசதியுள்ள ஓரிரு வீட்டுப் பெட்டியாகவோதான் இருந்தது. 1990களின் முற்பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய சித்திரப்படங்களை நம் பிள்ளைகள் இந்தி மொழியில் கண்டனர். சொல் விளங்காவிடினும் படம் விளங்கியது. ஞாயிறு திருப்பலிக்கும் அந்நிகழ்ச்சிக்கும் இடையே எத்தனையோ இல்லங்களில் நடந்த இழுபறியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

1995 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்காவில் 1992 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட அலைவரிசை அது. அன்னா–பார்பரா நிறுவனத்தின் சித்திரக் கருவூலத்தை டெட் டர்னர் 1991இல் விலைக்கு வாங்கியதன் விளைவாகப் பிறந்தது. பகலில் சித்திரப்படங்கள், இரவில் பழைய ஆலிவுட் திரைப்படங்கள் என ஒரே அலைவரிசையில் இரண்டும் வந்தன. 1940இல் பிறந்த டாமும் ஜெர்ரியும் இவ்வாறுதான் கடற்கரைக் குப்பங்களுக்கும் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு உரையாடல் மிகக் குறைவு. இசையும் அசைவுமே அவர்கள் மொழி. எனவே ஆங்கிலம் அறியாத பாட்டியும் பள்ளி செல்லாப் பேரனும் ஒரே நொடியில் சிரித்தனர். மல்லைச் சிற்பிக்குத் தெரிந்திருந்த இரகசியம், 1940இன் ஓவியருக்கும் தெரிந்திருந்தது.

தமிழ் பேசிய கருவூலம்

டிஸ்னி நிறுவனமும் இவ்வழியில் சென்றது. அமெரிக்காவில் 1998 ஏப்ரல் 18 அன்று டூன் டிஸ்னி என்னும் அலைவரிசையைத் தொடங்கியது. சித்திரப்படங்களுக்கென்றே அமைந்த அலைவரிசை அது. புதியன படைப்பது அதன் முதன்மை நோக்கமன்று. நிறுவனம் பல ஆண்டுகளாகத் தயாரித்து வைத்திருந்தவற்றை மீண்டும் மீண்டும் திரையிடுவதே அதன் பணி. மிக்கி எலி 1928இல் பிறந்த நாள்முதல் சேர்ந்த செல்வத்தைக் காக்கும் நூலகம் போன்றது எனலாம்.

இந்தியாவில் டூன் டிஸ்னி 2004 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழிலும் தெலுங்கிலும் ஒலித்ததே அதன் தனிச்சிறப்பு. உலகப் புகழ்பெற்ற சித்திரப் பாத்திரங்கள் நம் குழந்தையிடம் நம் மொழியில் பேசின. இதைச் சிறு செய்தியாகக் கருதலாகாது. தாய்மொழியில் சிரிக்கும் குழந்தை, சிரிப்பதற்காக வேற்றாரைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

அது தொடங்கிய ஒன்பதாம் நாள், டிசம்பர் 26, ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. கல்பாக்கம் முதல் கோவளம் வரை படகும் வலையும் வீடும் இழந்து நின்ற குடும்பங்களுக்கு அன்று எந்த அலைவரிசையும் பொருட்டாக இருந்திருக்காது. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில், புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில், 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் பெட்டிகள் வந்து அமர்ந்தன. மாநிலம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்கள் அவற்றைப் பெற்றன. 2007இல் சன் குழுமத்தின் சுட்டி டி.வி. முழுநேரத் தமிழ்ச் சிறுவர் அலைவரிசையாகத் தோன்றியது. கடலைக் கண்டு அஞ்சிய பிள்ளைகள் மாலை நேரத்தில் சிரிக்க ஓர் இடம் கிடைத்தது.

பெயர் மாற்றம்

ஆனால் அக்கருவூலத்தின் தன்மை அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. டிஸ்னி நிறுவனம் 2001இல் மற்றொரு சிறுவர் தொலைக்காட்சிக் குழுமத்தை வாங்கியது. அதன்வழி வந்த அதிரடித் தொடர்களை 2004 முதல் ஜெட்டிக்ஸ் என்ற பெயரில் டூன் டிஸ்னியின் நேரத்திற்குள் புகுத்தியது. பழஞ்சித்திரங்கள் மெல்ல ஒதுங்கின. நிறைவாக 2009 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவில் டூன் டிஸ்னி மறைந்து, டிஸ்னி எக்ஸ்.டி. என்ற புதுப்பெயர் தோன்றியது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, நாம் குழந்தைகள் தினம் கொண்டாடும் நாளில், இந்தியாவிலும் பெயர் மாறியது.

இம்மாற்றத்தின் காரணம் கலையன்று, கணக்கு. அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் முதன்மை அலைவரிசை சிறுமியரைப் பெரிதும் ஈர்த்தது. சிறுவர்களை விளம்பரதாரர்களிடம் சேர்ப்பிக்கத் தனி அலைவரிசை தேவைப்பட்டது. ஆகவே 6 முதல் 14 வயதுச் சிறுவர்களை இலக்காகக் கொண்டு, நடிகர்கள் நேரடியாகத் தோன்றும் தொடர்களும் விளையாட்டும் அதிரடியும் அதில் கலக்கப்பட்டன. சித்திரம் என்ற சொல் பெயரிலிருந்து நீங்கியது. அதன் தனியுரிமையும் நீங்கியது. பாட்டி, பேத்தி, பேரன் மூவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து பார்த்ததைப் பிரித்து, ஒருவனை மட்டும் அழைத்து முன்வரிசையில் அமர்த்தும் ஏற்பாடு இது.

அவ்வாறு அழைக்கப்பட்டவனாவது நிலைத்து நின்றானா? இல்லை. புதிய பெயர் பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. இந்தியாவில் 2019 ஜனவரி 20 அன்று அது மார்வெல் எச்.க்யூ. ஆயிற்று, 2022 மார்ச் 1 அன்று சூப்பர் ஹங்காமா ஆயிற்று. பிரித்தானியாவில் டிஸ்னி எக்ஸ்.டி. 2020 செப்டம்பர் 30 அன்று முற்றிலும் மூடப்பட்டு, அதன் நிகழ்ச்சிகள் இணையவழிக் கட்டணச் சேவைக்குப் பெயர்ந்தன. பதினெட்டு ஆண்டுகளுக்குள் ஒரே இடத்திற்கு நான்கு பெயர்கள்! ஒவ்வொரு பெயரும் வந்தபோது முந்திய பெயரோடு சேர்ந்து ஒரு தலைமுறையின் நினைவும் துடைக்கப்பட்டது.

நாம் ஒருதலையாகப் பேசலாகாது. பழஞ்சித்திரங்கள் யாவும் பொன்னல்ல. அடிதடி மிகுந்தவையும் உண்டு. கறுப்பின மக்களை இழிவாகக் காட்டியவையும் உண்டு. இவ்வலைவரிசைகளை நடத்தியவை அறநிலையங்களும் அல்ல. பாட்டி சொன்ன கதைகளை முதலில் வீட்டைவிட்டு வெளியேற்றியவையும் இவையே என்று ஒருவர் குற்றம் சாட்டினால் நாம் மறுக்க இயலாது. எனினும், வெளியேற்றிய இடத்தில் குடியேறியதையும் அவை காக்கவில்லை என்பதே நம் வருத்தம்.

பெயரும் அழைப்பும்

பெயர் மாற்றம் நமக்குப் புதிதன்று. செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கற்பட்டு என மருவியதாகக் கூறுவர். கடல்மல்லை, மாமல்லபுரம், மகாபலிபுரம் எனப் பல பெயர்களைச் சுமந்தும் கல் கல்லாகவே நிற்கிறது. 1997இல் பழைய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தபோது மாவட்டப் பெயர்களிலிருந்து நீங்கிய செங்கற்பட்டு, 2019 நவம்பரில் மீண்டும் மாவட்டமாயிற்று. பெயர் போனபோதும் ஊர் இருந்தது. ஆகவே பெயர் திரும்ப வந்தது.

திருவிவிலியத்திலோ இருவகைப் பெயர் மாற்றங்களைக் காண்கிறோம். ஆபிராம் ஆபிரகாம் ஆனார். யாக்கோபு இஸ்ரயேல் ஆனார். சீமோன் பேதுரு ஆனார். இவை இறைவன் தந்த பெயர்கள். முன்பு இருந்தவரை அழித்தல்ல, அவரை விரித்துப் பலருக்குரியவர் ஆக்கிய பெயர்கள். தம் குடும்பத்திற்கு மட்டும் தந்தையாக இருக்க விரும்பியவர் மக்களினங்களுக்குத் தந்தையானார். மற்றொரு வகை, பாபிலோன் அரண்மனையில் தானியேலுக்கும் அவர்தம் மூன்று தோழர்களுக்கும் சூட்டப்பட்ட பெயர்கள். அவை அரசின் தேவைக்காக இளைஞர்மேல் ஒட்டப்பட்ட முத்திரைகள். அவ்விளைஞர்களோ பெயரைச் சுமந்தனர். தம் உள்ளத்தை ஒப்படைக்கவில்லை.

ஒரு பெயர் எவ்வகையைச் சார்ந்தது என்று அறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. அது அழைக்கப்பட்டோரின் வட்டத்தை விரிக்கிறதா, சுருக்குகிறதா? டூன் டிஸ்னியின் பெயர் மாற்றம் வட்டத்தைச் சுருக்கியது. சந்தைக்காக மட்டும் பெயர் மாறும்போது குழந்தை விருந்தினன் ஆவதில்லை, விற்பனைப் பொருளாகிறான்.

நமது கடமை

தொலைக்காட்சியைத் திருச்சபை ஒருபோதும் பகையாகக் கருதவில்லை. நோயுற்றுப் படுக்கையிலிருந்த புனித கிளாரா, தம் அறைச் சுவரில் திருப்பலியைக் கண்டார் என்ற மரபையொட்டி, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஏடு வெளியிட்டது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியைச் சிறாரும் ஊடகமும் என்ற பொருளிலேயே அமைத்தார். அழகும் அறமும் சிறந்தவற்றைக் குழந்தைகள் கண்டு பழகினால், நல்லதைத் தேர்ந்துகொள்ளும் திறன் அவர்களுக்குத் தானே வளரும் என்பது அதன் சாரம். சிறுவருக்கான செவ்வியல் படைப்புகளை அவர் அதில் தனியே சுட்டியிருப்பது நாம் கருதத்தக்கது.

அச்செய்தி வெளிவந்து இரண்டு ஆண்டுகளில் டூன் டிஸ்னி மறைந்தது. நாம் என்ன செய்தோம்? பெற்றோராகிய நாம் அதைக் கவனிக்கவும் இல்லை. பெட்டியைப் பிள்ளைக்குத் துணையாக வைத்துவிட்டு நம் வேலையைப் பார்த்தோம். இன்று அவ்விடத்தில் கைப்பேசி இருக்கிறது. அதில் பழஞ்சித்திரங்கள் அனைத்தும் கிடைக்கின்றன. அடுத்து இன்னதைப் பார் என்று சொல்ல மட்டும் வீட்டார் எவரும் அருகில் இல்லை. ஓர் இயந்திரமே அதையும் சொல்லிவிடுகிறது.

எனவே குறை முழுவதையும் நிறுவனத்தின்மேல் ஏற்றுவது முறையன்று. கருவூலத்தைக் காப்பது அயல்நாட்டு வணிகனின் கடமை என நாம் நம்பியதே பிழை. அன்பியக் கூட்டம் முடிந்தபின் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சித்திரப்படத்தைக் காட்டி அதைப்பற்றி அவர்களைப் பேசவிடுதல், மறைக்கல்வி வகுப்பில் கதைக்கென ஒரு வேளை ஒதுக்குதல், பங்கு நூலகத்தில் சிறுவர் நூல்களைக் கீழ்த்தட்டில், அவர்கள் கைக்கு எட்டும்படி வைத்தல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாச் சிறுசெயல்கள். இவை அனைத்தினும் மேலானது, குழந்தை பார்க்கும்போது நாமும் அருகில் அமர்ந்து பார்ப்பது.

விடுமுறை நாளில் பிள்ளைகளை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்வோம். அருச்சுனனையும் பகீரதனையும் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அந்தப் பூனையை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அவர்கள் சிரிக்கும்போது, அவர்களோடு நாமும் சிரிப்போம். விளம்பர இடைவேளையின்றி, பெயர் மாற்றமின்றி, தலைமுறை தலைமுறையாக அந்தக் கல் சொல்லிவரும் கதையைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல, அருகில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருப்போம்.